ஞாயித்துக்கெழமை ஒறம்பரை

வாங்கன்னு சொல்லியாச்சு, சொம்புல தண்ணி குடுத்தாச்சு, ஃபேனப் போட்டாச்சு. இனி நான் சமையக்கட்டுக்குள்ள போயிடலாம், அதுதான் வழக்கம், அவரு ஹால்ல பொண்ணுகூட உக்காந்திருக்கோணும், நான் உள்ள இருக்கோணும். உள்ள வந்து மொத வேலையா எக்ஸாஸ்ட் ஃபேன நிறுத்தினேன், பணியாரக்கல்லு காயறக்கு முந்தி அதத்தான் பண்ணேன், அது ஓடுனா அப்பனும் மகளும் பேசற பழமை காதுல விழாது. சட்னியக்கூட மத்தியானமே அரைச்சு வெச்சுட்டேன், மிக்ஸி சத்தத்துல எதாச்சும் உட்டுப்போயிருமேன்னு. ஒட்டுக்கேக்கறவளுக்கு எத்தன முன்ரோசனை பாரு. கோர்ட்டுல முறையா எழுதி வாங்கி அத்துக்கிட்ட புருசன், வாராவாரம் என்ற ஊட்டு ஹால்ல வந்து உக்காந்து பொண்ணப் பாத்துட்டுப் போறாரு, நான் கதவுக்குப் பின்னால காதத் தீட்டிட்டு நிக்கறேன், பனியன் கம்பெனியில பத்துப் பேரு செக்கிங் பண்றத மேற்பார்வை பாக்கற கோகிலவாணி, ஒரு நூல் பிசிறு தப்பாதுன்னு பேரெடுத்தவ, இங்க இப்படி. பாப்பா என்னமோ சொல்லுது, ஸ்கூல் ஆண்டுவிழாவுல நாலாங்கிளாஸ் பூரா காடாம், இது மரமாம், மரத்துக்கு வசனமே கெடையாதாம். அவரு சிரிக்கறாரு. சத்தமா, வாயத் தொறந்து. சஷ்மிதான்னு நீட்டி முழக்கிப் பேரு வெச்சோம் அதுக்கு, இவருதான் தேடிக் கண்டுபுடிச்சாரு, ஆனா ரெண்டு பேருக்குமே அது பாப்பாதான், அந்த ஒண்ணுலதான் இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள மாத்தமில்ல. கல்லுல எண்ணெய உட்டேன். இன்னிக்கு அவரு கேப்பாரு. வெள்ளிக்கெழம வக்கீலு சொன்னதுல இருந்து எனக்குத் தெரியும், இன்னிக்கு கேப்பாரு, நான் சரீங்கன்னோ முடியாதுங்கன்னோ சொல்லியாகோணும்.

திலகா அக்காதான் எனக்கு வக்கீலு. நான் கம்பெனியில டேபிள்கிட்ட நின்னுட்டிருந்தப்ப ஃபோன் பண்ணாங்க, குரல்லயே சந்தோசம். கோகிலா, உனக்கு விடிவு வந்துருச்சுன்னாங்க. பாப்பாவோட அப்பா மோகனசுந்தரம் தரப்புல கேக்கறாங்களாம், பாப்பாவ ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சனிக்கெழம சாயங்காலம் அவினாசிக்கு அவரு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, ராத்திரி அங்க தங்க வெச்சு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் கொண்டாந்து உடறதாம், பரீட்சை லீவுல பாதி அங்க, பாதி இங்க. இப்பெல்லாம் கோர்ட்டுல ரோசனையே மாறிப்போச்சு, முந்தி மாதிரி கொழந்தையத் தாய்கிட்டக் குடுத்துட்டு அப்பன மணிக்கணக்குப் பாத்து உள்ள உடறதெல்லாம் கொறைஞ்சுட்டு வருது, ரெண்டு பேரும் வளக்கோணும், ரெண்டு ஊடும் கொழந்தைக்கு ஊடுதான்னு பாக்கறாங்க, நீங்க ரெண்டு பேருமே பேசி ஒத்துக்கிட்டீங்கன்னா ஒரு மனுவுல முடிஞ்சுரும்னாங்க. நான் என்ன கேட்டிருக்கோணும்? ராத்திரி அவ எங்க படுப்பா, அவரு பட்டறைக்குப் போனா யாரு பாத்துக்குவாங்கன்னு கேட்டிருக்கோணும். நான் கேட்டது, அப்ப ஞாயித்துக்கெழம அவங்க இங்க வர்றது என்னாகுங்கக்கா? அது எதுக்கு இனி, நின்னுரும், வாசல்லயே எறக்கி உட்டுட்டுப் போயிடுவாரு, உனக்கும் அந்தப் பலகாரத் தொல்லை உட்டுதுன்னாங்க. ஒத்துக்க மாட்டேன்னா மட்டும் காரணம் சொல்லோணும் கோகிலா, பலமான காரணமா இருக்கோணும்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. நான் கையில இருந்த பனியனத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நின்னேன், அதுல ஒரு குறையும் இல்ல, அப்படியும் திருப்பிட்டே இருந்தேன்.

முந்தி இப்படி ஊட்டுக்கு வர்றதெல்லாம் இல்ல. கோர்ட்டுலயே ஒரு ரூம்பு, செவுத்துல முயலும் மயிலும் வரைஞ்சிருப்பாங்க, வாசல்ல ஒரு போலீஸ்காரம்மா, உள்ள மூலைக்கு ஒரு அப்பன் ஒரு கொழந்தைய வெச்சுட்டுக் கெஞ்சிட்டிருப்பான், அம்மாக்காரிக வெளிய பெஞ்சுல ஒருத்திய ஒருத்தி பாக்காம செல்ல நோண்டிட்டு உக்காந்திருப்போம். சனிக்கெழம விடிஞ்சாப் பாப்பாவுக்கு வயித்துவலி. ஒருக்கா அங்கயே வாந்தி எடுத்துட்டா. அதச் சொன்னப்ப ஜட்ஜம்மா பேனாவக் கீழ வெச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் பாத்தாங்க. கொழந்தை என்ன குத்தம் பண்ணுச்சு, அது எதுக்குக் கோர்ட்டுக்கு வரோணும், இனி அப்பா அதோட ஊட்டுக்குப் போகட்டும், நீங்க அவர விருந்தாளியா நடத்துங்க, ஒரு டீயாச்சும் குடுங்க, கொழந்தை முன்னால மொகத்தத் திருப்பாதீங்க, புருசன் பொஞ்சாதிங்கறது முடிஞ்சுரும், அப்பா அம்மாங்கறது முடியாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு வந்துதே ஆங்காரம். விருந்தாளியா! ஒறம்பரையாத்தான நடத்தோணும், நடத்தறேன் பாரு. எங்க பக்கத்துல காட்டு வரப்ப வெட்டிட்டுக் கேஸு போட்டவனே வாசல்ல வந்து நின்னாலும், வாங்க உக்காருங்க தண்ணி குடிங்கன்னு சொல்லிட்டுத்தான் சண்டையே. அதும் மனசுக்குப் புடிச்சவங்க வந்தா வாங்கன்னு சொல்லக்கூட மறந்துருவோம், ஆகாதவங்களுக்குத்தான் மரியாதை ஒருபடி தூக்கலா இருக்கும். மொத ஞாயித்துக்கெழம சம்பந்திக்குப் போடற மாதிரி எலை போட்டேன். சந்தவை, தேங்காப்பாலு, கச்சாயம், கூட ஒரு கொழம்பு. போதுங்களா இன்னுங்கொஞ்சம் வெக்கட்டுங்களான்னு பாப்பா வாயாலயே கேக்க வெச்சேன். எங்கூட்டுல நீ ஒறம்பரைதான், அதுக்கு மேல ஒண்ணுமில்லன்னு அந்த ஆளுக்குத் தொண்டையில சிக்கோணும், அதுதான் நான் போட்ட கணக்கு. அவரு தலையக் குனிஞ்சுட்டே சாப்பிட்டாரு. எலைய மடிச்சுட்டு, நல்லாருந்துதுங்கன்னாரு. எங்க கலியாணம் ஆகி அத்தன வருசத்துல அந்த வாயில இருந்து வராத வார்த்தை. நான் பாத்திரம் வெளக்கற எடத்துல போயி நின்னுக்கிட்டேன், கண்ணு கரிச்சுது, வெங்காயம் ஒண்ணும் அரியல. வேலியில போற ஓணான எடுத்து மடியில உட்டுக்கிட்டது வேற யாரு, நானேதான்.

கெட்டவரு இல்ல. அதுதான் எனக்கு அப்பவும் கஷ்டம் இப்பவும் கஷ்டம். அடிச்சதில்ல, குடிச்சதில்ல, இன்னொருத்தியத் திரும்பிப் பாத்ததில்ல. பிரிண்டிங் பட்டறையில இருந்து வருவாரு, சட்டையக் கழட்டுவாரு, நின்னமேனிக்குத் திம்பாரு, ஃபோனப் பாப்பாரு, படுத்துக்குவாரு. கேட்டா ம். கேக்காட்டி அந்த ம்முக்கும் பஞ்சம். ஒருக்கா நான் வேணும்னே நாலஞ்சு நாளு பேசாம இருந்து பாத்தேன், என்ன கோகிலா ஏன் பேசறதில்லன்னு கேப்பாருன்னு. அவருக்கு அது தெரியவே இல்ல. அன்னிக்கு முடிவு பண்ணதுதான். கவுன்சிலிங்ல அந்தம்மா கேட்டாங்க, என்னம்மா அவருகிட்டக் கொறைன்னு. பேசமாட்டேங்கறாருங்கன்னேன். அவ்வளவுதானான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்னு சொல்றக்கு எனக்கு எத்தனை வருசம் ஆச்சுன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும். அப்பறம் ரெண்டு பேரும் சம்மதிச்சே பிரியறதுன்னு ஆச்சு, ஆறு மாசம் பொறுத்துப் பாக்கச் சொல்ற சட்டம் இருக்குது, ஆனா தனித்தனியா இருந்து நாளாயிருச்சுன்னா அதையும் வேண்டாம்னு கேக்கலாம், இப்ப அப்படி உடறாங்கன்னு திலகா அக்கா சொன்னாங்க, கேளுங்கன்னேன், கேட்டாங்க, உட்டுட்டாங்க, கையெழுத்துப் போட்டு வெளிய வந்து ரெண்டு பேரும் ஒரே டீக்கடையில டீ குடிச்சோம், வேற கடை இல்ல அங்க. எத்தன சுளுவா இருந்துது. புருசன் பொஞ்சாதியச் சட்டுன்னு பிரிச்சு உட்டுடறாங்க, அப்பன் ஆத்தாளத்தான் பிரியவே உடமாட்டேங்கறாங்க. அந்த ஆறு மாசத்தக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. ம்முன்னு இருந்திருப்பாரு. தெரியும் எனக்கு. இப்ப இந்த ஆளு மறுபடியும் என்ற ஊட்டுக்குப் பொட்டியத் தூக்கிட்டு வந்தாலும் ஒரே வாரம், அப்பறம் நின்னமேனிக்குத் திங்க ஆரம்பிச்சுருவாரு. எனக்குப் புருசன் வேண்டாம். சத்தியமா வேண்டாம். அப்ப என்னதாண்டி வேணும் உனக்கு? பணியாரத்துல மொத ஈடு வெந்துருச்சு, குச்சியால திருப்பி உட்டேன், ஒண்ணு பிஞ்சு போச்சு, அத நானே வாயில போட்டுக்கிட்டேன், சூடு.

சொல்லித்தான் தொலையேன், உள்ளுக்குள்ளதான, யாரு கேக்கப்போறா. எனக்கு இந்த ஒறம்பரை வேணும். செருப்ப வெளிய சேத்துக் கழட்டி வெச்சுட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட, தலையத் தண்ணி தொட்டுச் சீவிட்டு வந்து உக்காந்து, பாப்பா எதச் சொன்னாலும் அப்பறம்ங்கறாரே, அந்த ஆளு வேணும். அப்பறம்! அந்த ஒரு வார்த்தைய எங்கிட்டக் கேட்டிருந்தா நான் எத்தன சொல்லியிருப்பேன். இப்ப கதவுக்குப் பின்னால நின்னு, எம்பொண்ணுகிட்டக் கேக்கறத எங்கிட்டக் கேட்ட மாதிரி வாங்கிக்கறேன், ஓசிச் சோறு திங்கற மாதிரி. என்னிக்கு இது ஆரம்பிச்சுதுன்னு எனக்கே தெரியல. கோவத்துல அவன் இவன்னுதான் மனசுக்குள்ள சொல்லிட்டிருந்தேன், எப்ப அது அவருன்னு திரும்புச்சோ. சனிக்கெழம கம்பெனி உட்டு வர்றப்பவே நாளைக்கு என்ன பண்றதுன்னு ரோசனை. புதுசாக் கண்ணாடி வளையலு ஒரு ஜோடி. காத்தால தலைக்குக் குளிச்சுட்டு, ஞாயித்துக்கெழமையாச்சேன்னு நானே சமாதானம் சொல்லிக்கறது. போன வாரம் எதிரூட்டு சாந்தாமணி அக்கா கோலப்பொடியக் கையில வெச்சுட்டு, என்ன கோகிலா வாராவாரம் உங்கூட்டுல நோம்பி விசேசமான்னு கேட்டுச்சு. கிண்டல்தான், வெகுளியாக் கேட்டுதோ என்னமோ, ஆனா எனக்குக் காது மடலு வரைக்கும் சுட்டுருச்சு. கோர்ட்டு ஆர்டருங்கக்கா, டீ குடுக்கோணும்னு ஜட்ஜே சொல்லியிருக்கறாங்கன்னேன். டீக்கு எதுக்குடி மல்லிப்பூன்னு அது கேக்கல, கேட்டிருந்தாக்கூடத் தேவலை, என்ற தலையப் பாத்துட்டுக் கோலம் போடத் திரும்பிருச்சு. உள்ள வந்து பூவப் பிச்சு எறிஞ்சேன். இந்த வாரம் பூ வெக்கல. வெக்காததுக்கும் ஒரு பெருமை வேற. பாப்பாவுக்குத் தெரியுமா? அது பாக்கறது. காத்தால மாவுல உப்பு போட்டுட்டு இருந்தப்ப ஸ்டூலு மேல உக்காந்து காலாட்டிட்டே என்னையவே பாத்துட்டு இருந்துச்சு, அம்மா நீ இன்னிக்கு ரொம்ப வேகமா இருக்கறேன்னுச்சு. வேகமான்னா என்னன்னு நான் கேக்கல. கேக்கறக்கு பயமா இருந்துச்சு.

அதுக்குப் போகோணும்னு ஆசை. கொள்ளை ஆசை. அவினாசியில அவரு குடியிருக்கற ஊட்டுக்காரங்க நாயி குட்டி போட்டிருக்குதாம், இன்னும் கண்ணே தொறக்கலையாம், மொட்டமாடியில படுத்தாப் பக்கத்துல தென்னமரத்து ஓலை சலசலன்னு கேக்குமாம், எல்லாம் அவரு சொல்லியிருக்கறாரு. வெள்ளிக்கெழம ராத்திரி நான் விசயத்தச் சொன்னதும் கட்டில்ல எந்திரிச்சு நின்னுட்டு, நெசமாவாம்மா, நெசமாவான்னு குதிச்சுச்சு. இன்னிக்குக் காத்தால வந்து எங்கழுத்தக் கட்டிக்கிட்டு, அம்மா நீ சரீன்னு சொல்லுவீல்லன்னுச்சு. பாக்கலாம் சாமீன்னேன். பாக்கலாம்னா என்னன்னு அதுக்குத் தெரியும், பொம்ம கேட்டாலும் அதுதான் சொல்லுவேன், மொகம் சுருங்கிப்போச்சு. ஒரு நல்ல தாய் என்ன பண்ணுவா? போயிட்டு வா சாமின்னு துணிய எடுத்து வெப்பா. அவங்கப்பன் அவளுக்கு. எனக்கு அவரு யாரு? ஆனா நான் ரெண்டு நாளாக் காரணம் தேடிட்டிருக்கறேன், செக்கிங்ல குறை தேடற மாதிரி, சட்டையில இல்லாத ஓட்டைய. பொம்பளப் புள்ளை, ராத்திரில எப்படி அனுப்பறதுன்னு சொல்லலாமா? பெத்த அப்பங்கிட்டயா, நாக்கு அழுகிரும். பட்டறையில நைட் வேலை இருக்குமே? உட்டுட்டாராம், பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிட்டாராம், பாப்பாவுக்காக. தண்ணி ஒத்துக்காது? அவினாசித் தண்ணியும் திருப்பூர்த் தண்ணியும் ஒரே தண்ணி. எல்லாங் கொழந்தைக்காகத்தான், கொழந்தைக்காகத்தான்னு நானே சொல்லிக்கறேன், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்கற கதை. ராத்திரில பயந்துக்குவா, அது ஒண்ணுதான் பலமா இருக்குது. அதுதான் பொய்யும்கூட. அவ படுத்தாக் கட்டைதான், இடி உழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. எந்திரிச்சுக் கதவுத் தாப்பாளத் தொட்டுத் தொட்டுப் பாக்கறது நானு. சனிக்கெழம ராத்திரி அவ இல்லாத ஊட்டுல எப்படி இருப்பேன், அது ஒரு பயம், ஆனா அதக்கூடத் தாங்கிக்கலாம், தாயின்னா அந்தப் பயம் இருக்கும், சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அப்படியே வந்து அப்படியே போகுமே, யாருக்கும் நான் சொம்புல தண்ணி எடுத்துட்டுப் போகாம, அதத்தான் எனக்குத் தாங்கறக்கு முடியும்னு தோணல. வெக்கங்கெட்டவ. ஒம்பது வயசுப் புள்ளையோட ஆசையில கைய வெச்சு, ம்... என்ன வாசம் இது?

"கையெடு, கோகிலா."

கல்லுல ரெண்டாவது ஈடு புகைஞ்சுட்டு இருந்துச்சு, நான் புடிதுணிகூட இல்லாம வெறுங்கையில அந்தக் கல்லோட காதப் புடிக்கப் போயிருந்தேன். அவரு சமையக்கட்டு வாசப்படியில நிக்கறாரு. இத்தன மாசத்துல அந்தப் படியத் தாண்டினதில்ல, இப்பவும் தாண்டல, கைய மட்டும் நீட்டிட்டு நிக்கறாரு. எம்பேரச் சொல்லிட்டாரு. சொன்னது அவருக்கும் ஒறைச்சிருக்கும்போல, கையப் பின்னால இழுத்துக்கிட்டு, தீய அமத்துங்க, கருகற வாசம் ஹாலு வரைக்கும் வந்துச்சுங்கன்னாரு. அத்துக்கிட்ட நாள்ல இருந்து எனக்கு ங்க போட்டுத்தான் பேசறாரு, பேசறதே ரெண்டு வார்த்தை, அதும் மூணாம் மனுசிகிட்டப் பேசற மாதிரி. நானு அதுவும் இல்ல, அப்பாவ டீ குடிக்கச் சொல்லு சாமி, அப்பாவுக்குச் சட்னி வேணுமான்னு கேளு சாமி, எல்லாம் பாப்பா மூலமாத்தான். பாப்பா ஹால்ல இருக்குது. நானும் அவரும் மட்டும் இங்க. அடுப்ப அமத்தினேன். எக்ஸாஸ்ட் ஃபேன் நிறுத்தியிருக்கறத அவரு பாத்தாரு, சுவிட்சப் போட்டு உட்டாரு. ஏன் நிறுத்தி வெச்சிருந்தேன்னு அவருக்கு என்ன தெரியும். எனக்கு உடம்பு கூசிப்போச்சு.

வக்கீலு சொன்னாங்களான்னு கேட்டாரு. சொன்னாங்கன்னேன். அப்பறம் அவரு பேசினாரு, மொசைக் தரையப் பாத்துட்டே, அந்த ஆளு எங்கிட்ட அத்தன நேரம் ஒரேயடியாப் பேசி நான் கேட்டதில்ல.

"உங்களுக்கு வாரத்துல ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளும் எனக்கு வடிச்சுக்கொட்டறதுலயே போயிருதுங்க. நானும் எத்தனையோ நாளாப் பாக்கறேன், வேர்க்க விறுவிறுக்க நிக்கறீங்க, மொகங்கொடுத்துப் பேசக்கூட முடியாத மனுசனுக்கு. எனக்கு ஒவ்வொரு வாயும் வெக்கமா இருக்குதுங்க. அதுதான் கேட்டேன். பாப்பா அங்க வந்துட்டா, உங்களுக்கு இந்தத் தொல்லை உட்டுரும்."

தொல்லையாம். எனக்குச் சிரிப்பு வருது. அவருக்கு வெக்கமாம். இந்த மனுசனுக்கு எம்மேல எரக்கம் வந்து, அந்த எரக்கத்துல என்னைய உட்டுட்டுப் போகப்போறாரு. இப்பச் சொல்லு கோகிலா, ஒரு வார்த்தை, தொல்லை இல்லைங்க, வாங்க, பாப்பாவும் அங்க வரட்டும் நீங்களும் இங்க வாங்கன்னு சொல்லு, எப்படிச் சொல்றது, எந்த முறையில சொல்றது, நானே கேட்டு வாங்கின வெலக்கு, ஆறு மாசம்கூடப் பொறுக்காதவ. சாந்தாமணி அக்கா மொகம் வந்து நிக்குது. திலகா அக்கா மொகம் வந்து நிக்குது. அதச் சொல்ற வெக்கத்தவிட இதச் சொல்ற வெக்கம் கொறச்சல்னு பட்டுச்சு, வாயி தானாத் தொறந்துக்குச்சு.

"பாப்பா ராத்திரில பயந்துக்கறாளுங்க. தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்து அழுகறா. நான் பக்கத்துல இல்லாட்டித் தூங்கறதில்ல."

சொல்லி முடிச்சப்பறந்தான் பாத்தேன், அவரு முதுகுக்குப் பின்னால பாப்பா நிக்குது. எப்ப வந்துச்சோ. கையில அந்த மரத்துக்கு வெட்டின பச்ச அட்டை. அவரு திரும்பிக் குனிஞ்சு, "அப்படியா சாமி?"ன்னு கேட்டாரு. நெசமாத்தான் கேட்டாரு, கேஸுக்காகக் கேக்கல, கொழந்தை பயந்துக்கறத நமக்குத் தெரியலையேன்னு ஒரு வெசனத்தோட கேட்டாரு. பாப்பா என்னையப் பாத்துச்சு. நான் கண்ண எடுத்திருக்கலாம். இல்ல சாமி, அம்மா சும்மா சொன்னேன்னு சொல்லியிருக்கலாம், அதுக்கு ஒண்ணும் பெருசா நேரம் வேண்டாம். நான் அதயே பாத்துட்டு நின்னேன், கெஞ்சற மாதிரி பாத்திருப்பேன்போல, எனக்குத் தெரியல எம்மொகம் எப்படி இருந்துச்சுன்னு. அது ரொம்ப நேரமெல்லாம் எடுத்துக்கல.

"ஆமாப்பா," ன்னுச்சு. "கரண்ட் போச்சுன்னா ரொம்ப அழுவேன். அம்மா வந்து கையப் புடிச்சுக்குவா."

கரண்ட் போறத நான் சொல்லவே இல்ல. அதுவாச் சேத்துக்குச்சு.

அவரு அதோட தலையத் தடவிக் குடுத்தாரு. சரி, அப்ப இப்ப ஒண்ணும் வேண்டாம், நல்லாப் பெருசாகட்டும், நான் இங்கயே வந்துக்கறேன்னாரு. எங்கிட்ட, வக்கீலுகிட்டச் சொல்லிடறேங்க, நீங்க வெசனப்படாதீங்கன்னாரு. நான் தலைய ஆட்டினேன். கருகினதக் கொட்டிட்டு இன்னொரு ஈடு ஊத்தினேன், மாவு இருந்துச்சு. தட்டுல வெச்சு, இன்னிக்கு நானே கொண்டுபோய் வெச்சேன். நல்லாருக்குதுங்கன்னாரு. அந்த வார்த்தை காதுல உழுந்துச்சு, எனக்குள்ள எங்கயும் போயி உக்காரல. பாப்பா அவரு மடியில சாஞ்சுட்டுப் பணியாரத்தச் சட்னியில முக்கி முக்கித் தின்னுட்டே, நாய்க்குட்டிகளுக்குக் கண்ணு தொறந்துருச்சாப்பான்னு கேட்டுச்சு. ரெண்டு தொறந்துருச்சு, ஒண்ணுதான் இன்னும் மூடிட்டு இருக்குது, அடுத்த வாரம் வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன் சாமின்னாரு. வீடியோவே போதும்ப்பான்னுச்சு. எத்தன பெரிய மனுசத்தனம். டீயக் குடிச்சுட்டு, போயிட்டு வர்றேங்கன்னு எம்மொகத்தப் பாத்துச் சொல்லிட்டுப் போனாரு. நான் ஆசைப்பட்டது அத்தனையும் கெடைச்சுருச்சு, அடுத்த ஞாயித்துக்கெழம, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம, கேஸில்லாம, கேள்வியில்லாம. வாசல்ல நின்னு அவரு வண்டியத் திருப்பறதப் பாக்கோணும்னு வாராவாரம் தோணும், சன்னல் வழியாத்தான் பாப்பேன், இன்னிக்கு அதுவும் பாக்கல.

பாத்திரத்தப் போட்டுட்டு மேடையத் தொடைக்க ஆரம்பிச்சேன். பாப்பா வந்து ஸ்டூலு மேல ஏறி உக்காந்துச்சு. எம்மேல கோவமில்ல அதுக்கு, அது இருந்தாத் தேவலையே, கோவத்த எப்படிச் சமாளிக்கறதுன்னு எனக்குத் தெரியும். அழுகையும் இல்ல. சித்த நேரம் காலாட்டிட்டே இருந்துச்சு, ஏதோ கணக்குப் போடற மாதிரி. சாமின்னு கூப்பிட்டேன். பரவால்லம்மான்னுச்சு. அப்பறம், வீட்டுப்பாடம் எத்தன பக்கம் எழுதோணும்னு கேக்கற அதே குரல்ல கேட்டுச்சு.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா நான் பயந்துக்கோணும்?"

நான் மேடையத் தொடைச்சுட்டு இருந்தேன். தொடைச்ச எடத்தயே தொடைச்சுட்டு இருந்தேன்.